இஞ்ஞாசியின் மன்னிப்புக் கடிதங்கள்

தவசுகாலத் தியானத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்த சாமியார் மூன்றாம் நாள் மாலைப் பிரசங்கத்தில், "உங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மனசுக்குள்ளே வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். பாஸ்கு திருநாளுக்கு முன் அத்தனை பேரையும் மன்னித்துவிடுங்கள்" என்று சொன்னார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமினம்மாள் இதை, இனிமேல் கொஞ்சம் வாயை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதாக எடுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் இஞ்ஞாசி, ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும் என்பதாக எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் நடந்த தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இதுதான்.

1959ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது. பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இஞ்ஞாசி ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் சரக்குப் பட்டியல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தால் தமிழில் கவிதை எழுதுவார். கோயிலின் மாதப் பத்திரிகையில் நான்கைந்து வந்திருக்கின்றன. பேசும்போது எல்லாரையும்போலப் பேசுகிறவர், பேனாவை எடுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். பிலோமினம்மாள் ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள்.

தியானம் முடிந்த மறுநாளே இஞ்ஞாசி நல்ல தாளாக ஒரு கட்டு வாங்கிவந்தார். இரண்டு நாள் மாலை முழுவதும் எழுதினார். கவிதைதான் எழுதுகிறார் என்று அவள் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போன சிறிது நேரத்தில், கீழே மாவு மில் வைத்திருக்கும் வடிவேலு படியேறி வந்தார். முகத்திலும் தலையிலும் அரிசி மாவு. கையில் ஒரு கடிதம்.

"அக்கா, இதை நீங்களே படிங்க. நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துச் சொல்லுங்க."

பிலோமினம்மாள் படித்தாள். 'அன்பு நிறை அண்டை வீட்டார் திரு. வடிவேலு அவர்களுக்கு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் யாம் அரைக்கக் கொடுத்த கொத்தமல்லியில் ஒரு பகுதி தங்கள் இயந்திரத்தின் வயிற்றிலேயே தங்கிவிட்ட நிகழ்வை, எம் இரட்சகரின் திருநாமத்தால் இன்று முழுமனத்துடன் மன்னித்தருளுகிறேன்.'

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"அருளுறாராம்!" என்றார் வடிவேலு. "இருபது வருஷமா மில்லு வெச்சிருக்கேன். இந்தத் தேக்கா வட்டாரம் பூரா என்கிட்டதான் அரைக்குது. ஒருத்தன் என்னைத் திருடன்னு சொன்னது கிடையாது. இவரு மன்னிச்சிட்டாராம். அப்ப நான் எடுத்தேன்னு ஆயிருச்சு இல்ல?"

"அப்படி இல்ல தம்பி. கோயில்ல சாமியார் மன்னிக்கச் சொன்னாரு, அதுக்குத்தான்…"

"என் பேரைச் சொல்லியா சொன்னாரு?"

வடிவேலு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இனிமே உங்க வீட்டுச் சாமானை வேற எங்கயாச்சும் அரைச்சுக்குங்க அக்கா. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அன்று ஊறவைத்திருந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு பிலோமினம்மாள் சிராங்கூன் ரோட்டின் கோடியில் இருந்த வேறொரு மில்லுக்கு வெயிலில் நடந்தாள். அந்த மில்லில் அரைத்த மாவில் மிளகாய் நெடி அடித்தது. புட்டு காரமாக இருந்தது. மாலையில் இஞ்ஞாசி அதை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன பிலோமி, புட்டு உறைக்குது?" என்று கேட்டார்.

"அதையும் மன்னிச்சு ஒரு கடுதாசி எழுதுங்க" என்றாள் அவள்.

அவருக்கு வடிவேலுவின் கோபம் புரியவே இல்லை. "நான் திட்டியா எழுதினேன்? மன்னிச்சுதானே எழுதினேன்? கோபப்படுறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

"மொத்தம் எத்தனை பேருக்கு எழுதினீங்க?"

"ஆறு பேருக்கு."

"யார் யாரு?"

அவர் சொன்னார். இரண்டு பேர் முன்பு கம்பெனியில் வேலை பார்த்து ஈப்போவுக்கு மாறிப்போனவர்கள். ஒருவர் பினாங்கில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். ஒருவர் வடிவேலு. ஐந்தாவது யாக்கூப், இஞ்ஞாசியோடு பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவர், இருபது வருஷமாக மத்தியானம் அவரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர். ஆறாவது பெயரைக் கேட்டதும் பிலோமினம்மாள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது சுவிசேஷமுத்து, அவள் தங்கை அற்புதமேரியின் கணவர்.

சுவிசேஷமுத்து புரொட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எட்டு வருஷத்துக்கு முன் அற்புதமேரி அவரைக் கட்டிக்கொண்டு அவர் சபைக்கே போய்விட்டாள். அப்போது நடந்த அழுகையும் ஆர்ப்பாட்டமும் ஒருவழியாக ஓய்ந்து, இப்போதுதான் இரண்டு வருஷமாகப் பாஸ்கு திருநாளன்று அவர்கள் புக்கிட் மேராவிலிருந்து சாப்பிட வருகிறார்கள். இஞ்ஞாசியின் கடிதம் அந்தக் கல்யாணத்தை மன்னித்திருந்தது.

புதன்கிழமை தபாலில் அந்தக் கடிதம் திரும்பிவந்தது. சுவிசேஷமுத்து பதில் ஒரு வரியும் எழுதவில்லை. இஞ்ஞாசியின் கடிதத்தையே எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துவதுபோலச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தார். ஒற்று விடுபட்ட இடங்களில் எல்லாம் ஒற்றுப் போட்டு வட்டமிட்டிருந்தார். ஓரிடத்தில் 'எழுவாய் எங்கே?' என்று கேட்டிருந்தார். அடியில், 'பிழைகள் பதினான்கு. கவனம் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வடிவேலு இனி அரைக்க மாட்டேன் என்றபோதுகூட அசையாத இஞ்ஞாசி இதைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்தார். "பதினாலா? பதினாலு இருக்காதே" என்று விளக்கருகே தாளைப் பிடித்து எண்ணினார்.

அன்று மாலையே அற்புதமேரி நேரில் வந்துவிட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, நாங்க இந்தத் தடவ ஈஸ்டருக்கு வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உங்க அத்தானைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே மேரி."

"தெரியும்லா. அதுக்காக? எட்டு வருஷம் குடும்பம் நடத்துறேன், ரெண்டு பிள்ள பெத்துட்டேன். இப்ப வந்து மன்னிக்கிறாரு. நான் என்ன ஓடிப்போயா கட்டிக்கிட்டேன்? கோயில்ல மணி அடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன், கோயில் வேற, அவ்வளவுதான்." இஞ்ஞாசி உள்ளறையிலிருந்து எழுந்து வருவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

பினாங்குக் கடிதத்துக்கும் பதில் வந்தது. எழுதியவர் அந்த அண்ணனின் மனைவி. 'உங்கள் அண்ணன் போன அக்டோபரில் காலமாகிவிட்டார். உங்களுக்குத் தந்தி கொடுக்க விலாசம் கிடைக்கவில்லை. நீங்கள் என்னத்தை மன்னித்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அதற்காகக் காத்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு பூசை வைத்துவிடவும்.' இஞ்ஞாசி அதைப் படித்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதார். அவளும் அழுதாள். அழுதுகொண்டே, இதையெல்லாம் எழுதாமல் இருந்திருந்தால் என்ன என்று கேட்கவும் கேட்டாள்.

யாக்கூப் விஷயத்தை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை அவர் கொண்டுபோன டிபன் கேரியர் பாதிச் சோற்றோடு திரும்பிவந்தது. யாக்கூப்புக்கு அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். குழம்பு வைத்த அடுக்கு ஒருநாளும் மிச்சத்தோடு திரும்பியதில்லை. கேட்டதற்கு இஞ்ஞாசி மெதுவாகச் சொன்னார்.

போர் முடிந்த மறுவருஷம் அலுவலகத்தில் ஒரு விருந்து நடந்தது. அதில் இஞ்ஞாசி ஒரு கவிதை வாசித்தார். அவர் உட்கார்ந்ததும் யாக்கூப் எழுந்து, அவர் குரலிலேயே, அவர் கையை ஆட்டுவதுபோலவே ஆட்டி, சரக்குப் பட்டியல் ஒன்றைக் கவிதையாக வாசித்துக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஞ்ஞாசியும் சிரித்தார். அதைத்தான் இப்போது மன்னித்திருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"'நான் அதை அன்னிக்கே மறந்துட்டேன் லா. நீ பதிமூணு வருஷமா இதை வெச்சுக்கிட்டா என்கூட உக்காந்து சாப்பிட்ட?'ன்னு கேட்டான். அப்புறம் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான்."

திட்டுவதற்கு வாயைத் திறந்த பிலோமினம்மாள் அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பிறகு, "இதோட முடிஞ்சுதா? இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருத்தர் இருக்காங்க" என்றார் இஞ்ஞாசி, அவளைப் பார்க்காமல்.

குருத்து ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை, அவர் வேலைக்குப் போனபிறகு, அவள் தையல் மிஷினின் மூடியைத் தூக்கினாள். ஊசிக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. 'என் இல்லத்தரசி பிலோமினாவுக்கு' என்று மேலே எழுதியிருந்தது.

அதில் இருந்தது இதுதான். ஜப்பான்காரன் காலத்தில் இஞ்ஞாசி மூன்று தடித்த நோட்டுகளில் கவிதை எழுதி வைத்திருந்தார். இருநூற்றுக்கு மேல் இருக்கும். ஒருநாள் அந்த நோட்டுகள் காணாமல்போயின. கரையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பிலோமினம்மாள் சொன்னாள். அப்போது அவர் மலேரியாக் காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்த நேரம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் சினிமா கொட்டகை வாசலில் வறுத்த மரவள்ளி வாங்கினார். சுருட்டிக் கொடுத்த காகிதத்தில் அவர் கையெழுத்து, அவர் கவிதை. அவர் நின்ற இடத்திலேயே வறுவலைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார். 'நீ என் இதயத்தை விற்றாய். பொய்யும் புகன்றாய். பதினைந்து ஆண்டுகள் நான் மௌனம் காத்தேன். இன்று உன்னை மன்னித்தருளுகிறேன்' என்று கடிதம் முடிந்திருந்தது.

அன்று அவள் ஒரு ரவிக்கையும் தைக்கவில்லை. சோறு பொங்கவில்லை. ஐந்தரை மணிக்கு இஞ்ஞாசி வந்து செருப்பைக் கழற்றினபோது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமும் தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் ஒரு வார்த்த கேக்கல பாரு…"

"அதாங்க! ஏன் கேக்கல?" அவள் குரல் கீழே மில் வரைக்கும் கேட்டிருக்கும். "பொய் சொன்னேனேன்னு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். ஐம்பத்துமூணு மணி ஜெபம் சொல்லச் சொன்னாரு, சொன்னேன். அப்புறமும் மனசு ஆறல. மழ பெஞ்சா, கூரை ஒழுகினா, 'கரையான் வந்துரப்போகுது பிலோமி'ன்னு சொல்லுவீங்களே! ஒவ்வொரு தடவையும் போய் மறுபடி ஐம்பத்துமூணு மணி சொல்வேன். தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னீங்களா?"

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மூணு நோட்டையும் கொடுத்து என்ன வாங்கினேன்னு கேளுங்க. இப்பவாச்சும் கேளுங்க."

"என்ன வாங்கின?"

"எட்டுக் கொய்னா மாத்திர, மலேரியாவுக்கு. உங்களுக்குத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

கொட்டகை வாசலில் வறுவல் விற்ற செல்லக்கண்ணுவின் தம்பி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தான். மாத்திரைக்குப் பதில் செல்லக்கண்ணு அவளிடம் அரிசி கேட்டார், இல்லை. நகை கேட்டார், அது முன்பே போய்விட்டது. பொட்டலம் சுருட்ட ஊரில் காகிதம் கிடைக்காத காலம் அது. காகிதம் இருந்தால் கொடு என்றார். அவள் வீட்டுக்கு வந்து, காய்ச்சலில் புலம்பிக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் பெட்டியைத் திறந்து, நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். இதை எல்லாம் அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

அந்தக் காய்ச்சல் நவநாளின் ஒன்பதாம் நாள் அந்தோணியாருடைய மன்றாட்டால்தான் இறங்கியது என்று இஞ்ஞாசி நம்பியிருந்தார். பத்திரிகையில் எழுதியும் இருந்தார். வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருந்தார். கடைசியில், "அப்ப அற்புதம் ஒண்ணும் நடக்கலியா?" என்று கேட்டார்.

"உங்க மூணு நோட்டையும் ஒரு மனுஷன் கேட்டு வாங்கிக்கிட்டானே, அதைவிடப் பெரிய அற்புதம் வேற வேணுமா?"

சொன்னபிறகுதான் அது எவ்வளவு கொடூரம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. "எனக்கு உங்க மன்னிப்பு வேண்டாம்" என்று கடிதத்தை அவர் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பொங்கினாள். பரிமாறினாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

புதன்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம். அவள் முழங்காலில் நின்று, "புருஷன் மேல கோபமா இருக்கேன் சாமி. ஆற மாட்டேங்குது" என்றாள்.

"என்ன செய்தார்?"

"என்னை மன்னிச்சிட்டாரு சாமி."

கம்பிக்கு அந்தப் பக்கம் இருமுவதுபோல ஒரு சத்தம். சாமியார் சிரிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கொடுத்த அபராதத்தைச் சொல்லி முடிக்கும்போது அவளுக்குச் சாமியார் மேலும் கோபம் வந்திருந்தது.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது இஞ்ஞாசி மேசையில் வெள்ளைத் தாளை விரித்துப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"வடிவேலுக்கு. வருத்தம் தெரிவிச்சு ஒரு…"

அவள் பேனாவைப் பிடுங்கி மூடினாள். "எழுதினது போதும். கீழதான இருக்காரு? இறங்கிப் போய் வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் வாயாலதான் சொல்லணும். இந்த வீட்டுல இனிமே கடுதாசி கிடையாது."

பெரிய வியாழனன்று அலுவலகம் அரை நாள். மத்தியானம் இஞ்ஞாசி ஒரு டின் கொத்தமல்லியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். அவள் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடிய சத்தத்தில் அவர் ஏதோ சொன்னார். "என்னது?" என்றார் வடிவேலு. அவர் மறுபடி சொன்னார். "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றார் வடிவேலு. கடைசியில் இஞ்ஞாசி, "நான் எழுதினது தப்பு! தப்பு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். வடிவேலு மிஷினை நிறுத்தினார். முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார். "முதல்ல கொட்டுறவங்க சாமான் கொஞ்சம் உள்ள ஒட்டிக்கத்தான்ணே செய்யும். மிஷின் அப்படி. வந்து கேட்டிருந்தா ஒரு கை அள்ளிப் போட்டிருப்பேன்" என்றார்.

பெரிய சனிக்கிழமை காலை அவர் பஸ் ஏறிப் புக்கிட் மேராவுக்குப் போனார். மாலைவரை வரவில்லை. அங்கே சண்டை பெரிதாகிவிட்டது என்று அவள் பயந்தாள். வந்தவர் முகம் தெளிவாக இருந்தது. அற்புதமேரியிடம் இரண்டே வார்த்தையில் மன்னிப்புக் கேட்டாராம். மிச்ச நேரம் முழுவதும் சகலையோடு அந்தப் பதினான்கு பிழைகளைப் பற்றி வாதாடினாராம். "பதினொண்ணை ஒத்துக்கிட்டேன். மூணு தப்பே இல்ல. நாளைக்குச் சாப்பிட வரும்போது இலக்கணப் புஸ்தகத்தோட வர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றார். மறுநாள் அப்படியே வந்தார்கள். ஆட்டுக்கறி ஆறிப்போகும்வரை இரண்டு ஆண்களும் ஒரு 'ப்' வருமா வராதா என்று சண்டை போட்டார்கள். அக்காவும் தங்கையும் அடுப்படியில் உட்கார்ந்து, இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று பேசிக்கொண்டார்கள்.

பிலோமினம்மாளிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அன்று சாயங்காலம், பாத்திரம் தேய்க்கும் இடத்தில். "நான் உன்கிட்ட அன்னிக்கே கேட்டிருக்கணும் பிலோமி. மன்னிச்சிரு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவள் சாம்பல் கையோடு அவரைப் பார்த்தாள்.

"நானும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "பாக்கலாம். இப்ப அந்தச் சட்டிய எடுங்க" என்றாள். கோபம் முழுக்க ஆறுவதற்கு வைகாசி வரை ஆயிற்று. ஆறியது எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது.

யாக்கூப்பிடம்தான் சரிவரவில்லை. இஞ்ஞாசி திங்கட்கிழமையே பக்கத்தில் போய் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொன்னார். "சரி லா, விடு" என்றார் யாக்கூப். கொஞ்சம் நகர்ந்து இடமும் கொடுத்தார். அதிலிருந்து மறுபடி சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். கருவாட்டுக் குழம்பு முழுசாகக் காலியாயிற்று. ஆனால் பேச்செல்லாம் கப்பல் வந்ததையும் போனதையும் பற்றியே இருந்தது.

மே மாதம் தேர்தல் வந்தது. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் யாக்கூப் மேசைமேல் ஏறி, மேடைப் பேச்சாளர் ஒருவரைப்போலவே பேசிக் காட்ட ஆரம்பித்தார். அறையே சிரித்தது. ஆனால் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு கணம் இஞ்ஞாசியின் முகத்தைப் பார்த்திருந்தார். இவன் சிரிப்பானா, இதையும் எங்கேயாவது பத்திரப்படுத்தி வைப்பானா என்று கேட்பதுபோல ஒரு பார்வை. பிறகுதான் வாயைத் திறந்திருந்தார்.

"முந்தியெல்லாம் அவன் அப்படிப் பாக்க மாட்டான் பிலோமி" என்றார் இஞ்ஞாசி அன்று மாலை, சாப்பிடும்போது. "இனிமே எப்பவும் பாத்துட்டுத்தான் பேசுவான்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று பிலோமினம்மாளுக்கு இருந்தது. அவரைத் திட்டலாம் என்றால் அதற்கு நேரம் கடந்துபோயிருந்தது. யாக்கூப்பைத் திட்ட நியாயம் இல்லை. திருச்சிச் சாமியார் கப்பலேறிப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவள் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றினாள்.

"சாப்பிடுங்க" என்றாள், சற்றுக் கடுமையாகவே.